பிரவுசிங் சென்டர் அண்ணன் பதில்கள்: ரோட் ராஷ் திரும்ப வருமா?

போன இதழில் ரோட் ராஷ் என்ற பழைய பைக் ரேஸ் கம்ப்யூட்டர் கேம் பற்றி நாலு வரி எழுதியது என் தப்புதான். பாபநாசத்திலிருந்து நாகப்பட்டினம் வரை கடிதமாகக் கொட்டுகிறது. 2001 முதல் 2012 வரை கும்பகோணம் மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தியவன் நான். மணிக்கு 20 ரூபாய், பள்ளிக்கூடப் பையன்களுக்கு 15. அதனால் கேம் பற்றி எதைக் கேட்டாலும் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். இருக்கட்டும். இந்த முறை வந்த கேள்வி எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: பழைய கேம்களைத் தூசி தட்டி எடுக்க ஏன் இத்தனை காசு, அந்தக் காசு ஏன் கிடைக்கமாட்டேன் என்கிறது.

கே: ரோட் ராஷை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரி சரிசெய்து 200 ரூபாய்க்கு விற்றால் முதல் ஆளாக நான் வாங்குவேன். கம்பெனிக்காரர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை?
(வங்கி ஊழியர், பாபநாசம்)

ப: தோன்றினாலும் கணக்கு இடிக்கும் சார். நீங்கள் வங்கியில் இருப்பவர், போட்டுப் பாருங்கள். உங்கள் 200 ரூபாயில் வரி போக, விற்றுக்கொடுக்கும் இணையக் கடை வழக்கமாக எடுக்கும் 30 சதவீதம் போக, கையில் நிற்பது 120 ரூபாய்க்குள்தான்.

அந்த 120-ல் என்னென்ன செய்யவேண்டும்? ரோட் ராஷ் முதலில் வந்தது 1991-ல், சேகா என்ற வீடியோ கேம் மெஷினுக்கு. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் போட்ட கேம். நம் ஊர்ப் பையன்கள் ஆடித் தீர்த்தது 1996-ல் வந்த கம்ப்யூட்டர் வடிவம். பக்கத்தில் வருகிறவனிடமிருந்து சங்கிலியைப் பிடுங்கி அவனையே அடித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். பின்னால் ஓடிய பாட்டு நினைவிருக்கிறதா? சவுண்ட்கார்டன் மாதிரி நிஜமான ராக் குழுக்களின் பாட்டு. பாட்டை எழுதியவர்களுக்கு ஒரு உரிமை, பதிவு செய்த கம்பெனிக்கு இன்னொரு உரிமை. இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்காமல் விற்பனைக்கு வைக்க முடியாது. 2008-ல் வந்த ஜி.டி.ஏ. 4 என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்தில் பாட்டு உரிமம் முடிந்துபோக, 2018-ல் கேமுக்குள் கார் ரேடியோவில் ஓடும் பாட்டுகளில் ஏகப்பட்டதை உருவிவிட்டார்கள். இன்னும் விற்பனையில் இருக்கும் கேமுக்கே அந்தக் கதி.

பாட்டே வேண்டாம் என்று விட்டாலும் அடுத்து சோர்ஸ் கோடு, அதாவது கேமை எழுதிய மூல நிரல். விண்டோஸ் 95-க்கு எழுதியதை இன்றைய கம்ப்யூட்டருக்கு மாற்ற, எழுதிய மூலம் கையில் வேண்டும். 1997-ல் வந்த பிளேடு ரன்னர் கேமுக்கு அந்த மூலமே காணாமல் போய்விட்டது. 2022-ல் அதை மறுபடி வெளியிட்டவர்கள் கடையில் விற்ற சி.டி.யில் இருந்ததைப் பிரித்துப் பார்த்து, பின்னாலிருந்து முன்னால் படித்துத்தான் செய்தார்கள். செய்து முடித்த சாம்பாரை ருசி பார்த்து எத்தனை கிராம் தனியா என்று கண்டுபிடிக்கிற வேலை. அதற்கு மாதச் சம்பளம் யார் கொடுப்பது?

கே: ஒரு விளையாட்டின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடுவது அவ்வளவு பெரிய விஷயமா?
(ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர், வலங்கைமான்)

ப: ஐயா, பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றையும் கரைத்துக் குடித்த நீங்கள் கேட்கலாமா இதை? அக்ரகாரத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பதினோரு வாரிசு, ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் நெய்வேலியில், ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை என்று எத்தனை மனு பார்த்திருப்பீர்கள்! அதே கதைதான், சர்வே நம்பர் மட்டும் கிடையாது.

உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்று சொல்கிறேன். சிஸ்டம் ஷாக் 2 என்று 1999-ல் ஒரு கேம் வந்தது. செய்த லுக்கிங் கிளாஸ் கம்பெனியை 2000-லேயே மூடிவிட்டார்கள். ஸ்டீபன் கிக் என்பவர் மத்திய அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போன இடத்தில், கையில் இருந்த பழைய சி.டி.யைப் போட்டு ஆட நினைக்கிறார், ஓடவில்லை. சரி, காசு கொடுத்து வாங்கிக்கொள்வோம் என்று தேடினால் எங்கேயும் விற்பனையில் இல்லை. யாரிடம் உரிமை என்று துருவிக்கொண்டே போனால், கடைசியில் அது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இருந்தது! கம்பெனி மூடும்போது பாத்திரம் பண்டத்தோடு கேமும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்களுக்கு எழுதி, பேசி, அனுமதி வாங்கி, 2013-ல் அந்தக் கேம் மறுபடி விற்பனைக்கு வந்தது. அதற்காக அவர் தொடங்கியதுதான் நைட்டைவ் ஸ்டுடியோஸ்.

அதே ஆட்கள் 2000-ல் வந்த நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர் என்ற கேமுக்கும் முயன்றார்கள். வார்னர், ஆக்டிவிஷன், ஃபாக்ஸ் என்று மூன்று பெரிய இடத்தில் போய் நின்றார்கள். எங்களிடம்தான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல ஒருவரும் இல்லை. நீயே செய்துகொள் என்று விடவும் ஒருவரும் இல்லை. கைவிட்டுவிட்டார்கள். கூட்டுப்பட்டா நிலத்தை யார் விதைக்கிறார்கள்? கருவேல மரம்தான் முளைக்கும்.

வக்கீல் செலவு, தேடுகிற செலவு எல்லாம் ஒரு வரி எழுதுவதற்கு முன்னாலேயே ஆகிற செலவு ஐயா. பணம் போடுகிறவர்கள் முதலில் ஓடுவதும் இதைப் பார்த்துத்தான். 2010-க்கு முன்னால் அமெரிக்காவில் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைக்காது என்று அங்கே 2023-ல் ஒரு ஆய்வு சொன்னது. எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

கே: ஜனங்களிடமே வசூல் செய்து பழைய விளையாட்டைக் கொண்டுவருகிறார்களாமே. எங்கள் ஊர் மொய் விருந்து மாதிரிதானே?
(தென்னந்தோப்பு வைத்திருப்பவர், பேராவூரணி)

ப: அண்ணே, உங்கள் ஊர் மொய் விருந்தில் நான் இரண்டு தடவை சாப்பிட்டிருக்கிறேன். கறிக்குழம்பைப் பற்றி எழுதத் தனி இதழ் வேண்டும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். மொய் வாங்கியவர் நோட்டில் எழுதிவைத்து, நீங்கள் வைக்கும்போது கூடப் போட்டுத் திருப்பிச் செய்யவேண்டும். செய்யாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது. இவர்கள் ‘கிக்ஸ்டார்ட்டர்’ என்று ஒரு இணையதளத்தில் வசூல் செய்கிறார்கள். போட்ட பணம் திரும்பாது, வட்டியும் கிடையாது. கேம் முடிந்தால் ஒரு பிரதி, கூடப் போட்டால் பனியன், பொம்மை, கேமின் கடைசியில் உங்கள் பெயர். அவ்வளவுதான். கேட்ட தொகை குறித்த நாளுக்குள் சேராவிட்டால் ஒருவரிடமும் பைசா எடுக்கமாட்டார்கள். இது ஒன்று நல்ல ஏற்பாடு.

இதில் கதையே 2012-ல்தான் தொடங்கியது. டிம் ஷாஃபர் என்பவர் பழைய பாணியில் ஒரு கேம் செய்ய 4 லட்சம் டாலர் கேட்டார். அதிலும் 3 லட்சம்தான் கேமுக்கு, மீதி அது உருவாவதைப் படம் எடுக்க. வந்தது 33 லட்சம் டாலர். 87 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேர் போட்டார்கள். அன்றைய மதிப்பில் 16 கோடி ரூபாய்க்கு மேல். கேட்டதைப் போல எட்டு மடங்கு கிடைத்தால் மனுஷன் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டுமா இல்லையா? அடுத்த வருஷமே, கதை பெரிதாகிவிட்டது, பணம் போதாது என்றார். கேமை இரண்டாக வெட்டி, முதல் பாதியை 2014-ல் விற்று, அந்தக் காசில் இரண்டாம் பாதியை 2015-ல் முடித்தார். பெயர் புரோக்கன் ஏஜ்.

கையாடல் என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் கோயில் திருப்பணிக்கு வசூல் கூடுதலாக வந்தால் என்ன நடக்கும்? மூன்று நிலைக் கோபுரம் ஐந்து நிலையாகும். கொடுத்தவர்களே அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். இங்கேயும் இத்தனை லட்சம் தாண்டினால் இன்னொரு ஊர், இன்னொரு ஆயுதம், இன்னொரு மொழி என்று வாக்குக் கொடுப்பது வழக்கம். அந்த நேரத்தில் அது இலவசம். பிற்பாடு ஒவ்வொன்றும் ஆறு மாதச் சம்பளம்.

முதல் சிஸ்டம் ஷாக்கை (இது 1994-ல் வந்தது) புதிதாகச் செய்ய அதே நைட்டைவ் ஆட்கள் 2016-ல் 9 லட்சம் டாலர் கேட்டார்கள், 13.5 லட்சம் வந்தது. 2018 பிப்ரவரியில் வேலையை நிறுத்திவைத்தார்கள். ஏதேதோ சேர்க்கப்போய் பழைய கேமைவிட்டு விலகிப்போய்விட்டோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, மறுபடி ஆரம்பித்து, 2023 மே மாதம்தான் வெளியிட்டார்கள். ஏழு வருஷம். குறுவைக்கு வாங்கிய கடனில் மூன்று போகம் ஓட்டுகிற மாதிரி. ஆனால் கேம் நன்றாக வந்தது, அதையும் சொல்லவேண்டும்.

இன்னொரு சூட்சுமம். ஷென்முயி என்ற கேமை 1999-ல் செய்ய 4 கோடியே 70 லட்சம் டாலர் ஆனதாக அதை உருவாக்கிய யு சுசுகியே சொல்லியிருக்கிறார். அதன் மூன்றாம் பாகத்துக்கு 2015-ல் அவர் ஜனங்களிடம் கேட்டது 20 லட்சம். அந்தக் காசில் இந்தக் கேமை முடிக்க முடியாது என்பது கூட்டல் தெரிந்த யாருக்கும் தெரியும். 63 லட்சம் வந்தது, வெளியிலிருந்தும் பெரிய கம்பெனிகள் சேர்ந்துகொண்டன, 2019-ல் வெளிவந்தது. பிளட்ஸ்டெய்ன்ட் என்ற கேமைச் செய்த இகராஷி இதை மறைக்கவே இல்லை. பெரும்பகுதிப் பணம் தர ஆள் தயார், ஜனங்களுக்கு ஆசை இருக்கிறதா என்று காட்டச் சொல்கிறார்கள், அதனால்தான் 5 லட்சம் கேட்கிறேன் என்றார். வந்தது 55 லட்சம். கல்யாணச் செலவை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். ஊர் கூடுமா என்று பார்க்கத்தான் பத்திரிகை.

இது ஒரு வகையில் நியாயம்தான். ஆனால் இதைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே வேறு வழியில்லாத சின்ன ஆள் வந்து உண்மைச் செலவைக் கேட்டால் ஜனங்கள் என்ன சொல்கிறார்கள்? “ஷென்முயிக்கே 20 லட்சம் போதும், உனக்கு எதுக்கு 30?” என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பெரியவர்கள் குறைத்துக் கேட்டதால் உண்மையான விலை ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

கே: நீங்கள் இப்படி எதற்காவது பணம் போட்டதுண்டா?
(இல்லத்தரசி, மயிலாடுதுறை)

ப: உண்டும்மா, ஒரே தடவை. பெயர் வேண்டாம். சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சான் கார்டில் 40 டாலர் போட்டேன். ஒன்றரை வருஷத்தில் வரும் என்றார்கள், நாலரை வருஷம் ஆனது. பனியன் முதலில் வந்தது. அவர்கள் ஊர் அளவில் மீடியம் என்றால் நம் ஊரில் இரண்டு பேர் நுழையலாம். என் மனைவி அதைத் தலையணை உறையாகத் தைத்துவிட்டாள். கேம் வந்தபோது என் கம்ப்யூட்டரில் அது ஓடவில்லை. மச்சானுக்கு 40 டாலரை அதே வாரம் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. அவர் இந்த இதழைப் படிக்கிறவர்.

கே: நாங்கள் நான்கு பேர், கடைசி ஆண்டு பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். ரோட் ராஷ் மாதிரியே, ஆனால் கல்லணைக் கால்வாய் ஓரச் சாலையில் நடக்கிற மாதிரி ஒன்று செய்ய ஆசை. வசூல் செய்யலாமா? எவ்வளவு கேட்கலாம்?
(மாணவர்கள், மன்னார்குடி)

ப: தம்பிகளா, முதலில் கையைக் கொடுங்கள். பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள், வக்கீல் நோட்டீஸ் வரும். ‘மாதிரி’ செய்ய யாரிடமும் அனுமதி வேண்டாம். சங்கிலியால் அடிப்பதும் பைக் ஓட்டுவதும் யாருக்கும் பட்டா போட்ட நிலம் இல்லை. அமெரிக்காவில் சிலர் இதையே செய்தார்கள்: ரோட் ரிடெம்ப்ஷன். 2013-ல் 1,60,000 டாலர் கேட்டார்கள், அதைவிடக் கொஞ்சம்தான் கூட வந்தது. முழுதாக வெளியானது 2017-ல்.

இப்போது உங்கள் கணக்கு. நான்கு பேர், ஆளுக்கு மாதம் 25,000 ரூபாய், இரண்டரை வருஷம். 30 லட்சம். இதில் கம்ப்யூட்டர் இல்லை, கரண்ட் பில் இல்லை, இசை அமைப்பவருக்கு ஒன்றும் இல்லை, உங்களில் ஒருவனுக்கு நடுவில் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டால் அந்த இடத்துக்கு ஆள் இல்லை. (போவான். நான்கு பேரில் ஒருவன் கட்டாயம் போவான்.) வசூலில் இணையதளத்துக்கு 5 சதவீதம், கார்டுச் செலவு கிட்டத்தட்ட இன்னொரு 3 முதல் 5. பனியன் கொடுப்பதாகச் சொன்னால் தபால் செலவில் உங்கள் மூன்று மாதச் சாப்பாடு போய்விடும். பனியன் வேண்டாம். என் வீட்டுத் தலையணையைக் கேட்டுப் பாருங்கள்.

இந்தியாவில் இருந்துகொண்டு கிக்ஸ்டார்ட்டரில் நேரடியாக வசூல் தொடங்க வழியில்லை, வெளிநாட்டில் கம்பெனியோ ஆளோ வேண்டும். அப்படிச் செய்தாலும் உறுதி கிடையாது. புனேக்காரர்கள் ராஜி என்ற கேமுக்கு 2017-ல் முயன்றார்கள், கேட்ட தொகை சேரவில்லை. கையில் இருந்ததைப் போட்டு இழுத்துப் பிடித்து, பிறகு ஒரு வெளியீட்டாளர் கிடைத்து, 2020-ல் கொண்டுவந்தார்கள்.

நீங்கள் ஒரு சாலை மட்டும் செய்யுங்கள். ஒரு பைக், ஒரு சங்கிலி, நடுரோட்டில் ஒரு வைக்கோல் லாரி. மூன்று நிமிஷம் ஆடக்கூடிய ஒன்று. டூம் கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவே 2016-ல் 7 லட்சம் டாலர் கேட்டு, ஆடிப்பார்க்க ஒன்றும் கையில் இல்லாததால் நாலே நாளில் வசூலை நிறுத்திவிட்டுப் போனார். அவர் பெயருக்கே அந்த நிலை என்றால் நம் பெயருக்கு?

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேமுக்கு ரசிகர்கள் சிலர் சும்மா, சொந்த நேரத்தில், புதிய நாடுகளும் படைகளும் சேர்த்து ஒரு இணைப்புச் செய்தார்கள். அதை மைக்ரோசாஃப்ட் 2013-ல் அதிகாரப்பூர்வமாகவே வெளியிட்டது. அதே குழு பின்னால் 2019-ல் அந்தக் கேமின் புதிய பதிப்பைச் செய்வதில் இருந்தது. ஒரு பைசா வசூல் இல்லை. பழசு அவ்வளவு பிடித்துப்போனவனுக்கு அதன் உள்வேலை தெரிந்திருக்கும், அதைத் தெரிந்தவனுக்குத்தான் வேலை கொடுப்பார்கள்.

தேர்வு முடிந்ததும் கும்பகோணம் வாருங்கள். டிகிரி காப்பி என் செலவு.

கே: ஐ.ஜி.ஐ. திரும்ப வருமா அண்ணே?
(மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம், நாகப்பட்டினம்)

ப: 2000-ல் நார்வேக்காரர்கள் செய்த அந்தத் துப்பாக்கிச் சண்டை கேமுக்கு அங்கேகூட நம் அளவுக்கு ரசிகர் இருந்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். 2019-ல் புதுசு வரப்போகிறது என்று அறிவித்தார்கள். 2023-ல் அந்த வேலை நின்றுபோனது. நடுவில் சேவ் செய்ய முடியாத கேம் அல்லவா, செத்தால் முதலிலிருந்துதான்.

கே: உங்கள் சென்டரில் இருந்த அந்த ஆறு கம்ப்யூட்டரும் இப்போது எங்கே?
(பழைய வாடிக்கையாளர், 3-ம் நம்பர் சீட், கும்பகோணம்)

ப: 3-ம் நம்பரா? எஸ்கேப் பட்டன் பிய்ந்தது உன்னால்தானே!

இரண்டை விற்றேன். மூன்றைத் திருத்துறைப்பூண்டியில் அக்கா வீட்டு ஓட்டுக்கொட்டகையில் வைத்திருந்தேன். 2018 கஜா புயலில் ஓடு பறந்து, மழை முழுக்க அதன்மேல். மிச்சம் ஒன்று என் ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் இருக்கிறது. விண்டோஸ் 98, பெரிய வயிறு மானிட்டர், பட்டன் இல்லாத அந்தக் கீபோர்டு. ரோட் ராஷ் ஓடுகிறது, பாட்டோடு. போன வாரம் பக்கத்துப் பூக்கடைக்காரர் பையன், எட்டாவது படிக்கிறான், அரைமணி ஆடிவிட்டு “போலீஸ் பிடிச்சா எங்க அங்கிள் ஸ்கிப் பண்றது?” என்றான்.

ஞாயிறு பதினொன்றிலிருந்து ஒன்று வரை கடையில் இருப்பேன். கரண்ட் இருந்தால் வா. மணிக்கு 20 ரூபாய்தான், ஏற்றவில்லை.